சித்திரை வரை அதைத் தொடாதீர்கள்

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தால் அது ஆவியாகவே புகைக்குழாயால் போய்விடும், நம் கண்ணில் படாது. மைனஸ் 15 டிகிரிக் குளிரில் கராஜ் கதவைத் திறந்துவைத்து, பத்து நிமிடம் ஸ்ரார்ட் பண்ணி, பிறகு நிறுத்திவிடும் காரில் அந்தத் தண்ணீர் போக வழியில்லை. சைலன்சருக்குள் தேங்குகிறது. பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி ஒயிலோடு கலக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கம்பியூட்டர் கூடுதலாகப் பாய்ச்சும் பெற்றோலிலும் ஒரு பங்கு எரியாமல் அதோடு சேர்ந்து இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்கிறது. ஸ்ரார்ட் பண்ண எடுத்த சார்ஜ்கூட அந்தப் பத்து நிமிடத்தில் பற்றரிக்கு முழுதாகத் திரும்பி வராது.

ரொறன்ரோ வட்டாரத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் குளிர்காலத்தில் தங்கள் காருக்குச் செய்யும் பெரிய கெடுதல் இதுதான். அக்கறையோடுதான் செய்கிறார்கள் என்பது கவலையைக் கூட்டுகிறது. வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள்: "சும்மா நிண்டா எஞ்சின் இறுகிப்போம் தம்பி, கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் ஸ்ரார்ட் பண்ணி விடு." யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் வைத்திருந்தவர்களுக்கு அது நல்ல புத்திமதி. அந்த வெயிலில் எஞ்சின் சுணங்காமல் சூடேறிவிடும், வெளியே எடுத்த கார் ரவுண் வரைக்குமாவது போய்வரும். ஒன்ராறியோவின் ஜனவரியில் ஒயில் சூடேறி ஈரத்தை விரட்ட அரை மணித்தியாலமாவது வீதியில் ஓடவேண்டும். அந்த வீதி முழுக்க உப்பு.

ஆகவே நான் சொல்லப்போவது எல்லாம் ஒன்றைச் சுற்றித்தான். ஒக்டோபர் கடைசியில் ஒரு வார இறுதியை ஒதுக்கி, வேலையை முறையாகச் செய்து முடியுங்கள். பிறகு சித்திரை வரை காரைத் தொடாதீர்கள். வெறும் குளிரால் நிற்கும் காருக்குப் பெரிதாக ஒன்றும் நேராது. ஈரமும் உப்பும் எலியும் செத்த பற்றரியும்தான் கெடுப்பவை.

எப்போது, எங்கே

முதல் ஸ்நோ விழும்வரை பார்த்திருப்பவர்கள் பிந்திவிடுகிறார்கள். ஸ்நோ வருமுன்னரே உப்புநீர் லொறிகள் வந்துவிடும். வீதியின் நீளத்துக்கு வெள்ளைக் கோடுகள் சமாந்தரமாகக் காய்ந்துகிடப்பதைக் கண்டிருப்பீர்கள், அது காய்ந்த உப்புநீர். அந்தக் கோடுகள் தெரிய முன் கார் உள்ளே போயிருக்க வேண்டும். சமர் ரயர்களுக்கும் அதுதான் காலம். 7 டிகிரிக்குக் கீழே அவற்றின் ரப்பர் இறுகத் தொடங்கி, வீதியில் பிடிமானம் குறைந்துவிடும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலருடைய கணிப்புப் பிழைக்கிறது. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் வீடுகளில் இரண்டு கார் நிற்கும் கராஜ் வீட்டோடு ஒட்டியே இருக்கும். ஒரு பக்கம் ஸ்போர்ட்ஸ் கார், மறுபக்கம் தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டி. மாலையில் அந்த வண்டி சில்லு வளைவுகளில் உப்புக் கலந்த ஸ்நோவைச் சுமந்துகொண்டு வந்து நிற்கிறது. கராஜ் சூடாக இருந்தால் இரவோடிரவாக அது உருகி நிலத்தில் ஓடி, அதன் ஈரம் ஆவியாகிப் பக்கத்துக் காரின் அடித்தளத்தில் போய்ப் படிகிறது. சாதாரண உப்பு ஈரத்தை இழுக்கக் காற்றில் ஈரப்பதம் 75 வீதமளவில் இருக்கவேண்டும். உப்போடு சில இடங்களில் சேர்க்கும் கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் இரண்டுக்கும் முப்பது சொச்சம் வீதமே போதும். வெப்பம் கூடக் கூடக் கறள் பிடிப்பதும் வேகமெடுக்கும். உறைநிலைக்குக் கீழே அந்த வேலை ஏறக்குறைய நின்றேபோகும். சூடேற்றிய ஈரக் கராஜைவிட, சூடில்லாத காய்ந்த கொட்டில் எவ்வளவோ மேல் என்பது இதனால்தான்.

வீட்டுக் கராஜைத்தான் பாவிக்கவேண்டும் என்றால், இந்த ஒரு குளிர்காலத்துக்கு மற்ற வண்டியை வெளியே விடுங்கள். முடியாவிட்டால் அதன் கீழே விளிம்பு உயர்ந்த ரப்பர்ப் பாயை விரித்து, சேரும் தண்ணீரை அன்றன்றே வழித்தெடுங்கள். கொங்கிறீற் நிலமும் கீழிருந்து ஈரத்தைக் கசியவிடும். கட்டட வேலைக்கு விற்கும் தடித்த பிளாஸ்ரிக் விரிப்பை ஸ்போர்ட்ஸ் காரின் கீழே முழு நீளத்துக்கும் விரித்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஈரப்பதம் காட்டும் சின்ன மானி ஒன்றைச் சுவரில் கொழுவிவையுங்கள். 50 வீதத்துக்குக் கீழே நின்றால் நல்லது.

கொண்டோவில் இருப்பவர்களுக்கு நிலவறைத் தரிப்பிடம்தான் கிடைக்கும். அங்கே மேல்தளத்து விரிசல்களால் உப்புத்தண்ணீர் சொட்டும் இடங்கள் உண்டு. சொட்டிக் காய்ந்த வெள்ளைத் தழும்பு கூரையில் தெரிந்தால் அதன் கீழே நிறுத்தாதீர்கள். அந்தச் சொட்டு சுண்ணாம்பையும் சேர்த்து இறக்கும், பெயின்றை அரித்துவிடும். அக்ஸ்பிரிட்ஜ் பக்கத்துப் பண்ணைக் களஞ்சியங்களில் வாடகைக்கு விடுகிறவர்கள் இருந்தால், காசு கட்டுமுன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். நிலம் மண்ணா கொங்கிறீற்றா, வைக்கோல் இருக்கிறதா என்று பாருங்கள். மண்தரை ஈரம், வைக்கோல் எலி.

காரின் மேல் போர்த்துவது காற்றுப் போய்வரும் சீலையாக இருக்கவேண்டும். கடையில் வாங்கும் நீல நிறப் பிளாஸ்ரிக் தார்ப்பாயைப் போர்த்துவது ஈரத்தை உள்ளே வைத்துக் கட்டுவதற்குச் சமம்.

கழுவி, காயவைத்து, நிரப்பி

கழுவும்போது பளபளக்கும் இடத்தைவிட ஒளிந்திருக்கும் இடத்துக்கு நேரம் கொடுங்கள். சில்லு வளைவின் உள்விளிம்பு, கதவுக்குக் கீழுள்ள அடிவிளிம்பு, பொனட்டின் அடியில் இலை அடையும் தண்ணீர் வாய்க்கால். மடக்குக் கூரை உள்ள கார்களில், கூரைத் தண்ணீர் வடியும் துவாரம் இருக்கைக்குப் பின்னால் எங்கேயோ ஒளிந்திருக்கும். மேப்பிள் இலைத் தூள் அதை அடைத்தால் தண்ணீர் கம்பளத்துக்குள் இறங்கும். கழுவி முடிந்த கையோடு உள்ளே விடவேண்டாம். இருபது முப்பது நிமிடம் ஓட்டி, பிரேக்கை நாலைந்து முறை அழுத்தி டிஸ்க்குகளைச் சூடாக்கிக் காயவிடுங்கள். மடக்குக் கூரையை மூடிப் பூட்டியே நிறுத்தவேண்டும். மடித்து வைத்தால் மடிப்பிலே ஈரம் நிற்கும், துணியிலும் கோடு விழும்.

அந்தக் கடைசி ஓட்டத்துக்கு முன் பெற்றோல் அடியுங்கள். இங்கு விற்கும் சாதாரண பெற்றோலில் பத்து வீதமளவில் எத்தனோல் உண்டு, அது ஈரத்தை உறிஞ்சும். தாங்கியை நிரப்பிவிட்டால் ஈரக்காற்றுக்கு உள்ளே இடம் குறையும். பெற்றோல் பழுதாகாமல் காக்கும் ஸ்ரெபிலைசரை முதலில் ஊற்றிவிட்டு அதன்மேல் பெற்றோலை நிரப்பினால் வடிவாகக் கலந்துவிடும். பிறகு ஓடும் அந்த இருபது நிமிடத்தில் அது பம்ப், இன்ஜெக்ரர் வரை போய்ச் சேரும். தாங்கிக்குள் மட்டும் கிடந்தால் பயனில்லை.

ஒயிலை இப்போதே மாற்றுங்கள், சித்திரையில் அல்ல. ஓடிய ஒயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும், அது ஆறு மாதம் பெயாரிங்குகளில் ஒட்டிக்கிடக்க வேண்டியதில்லை. புது ஒயிலோடு உறங்கவிட்டால் சித்திரையில் அப்படியே ஓடலாம்.

கூலன்ரைச் சோதிக்காமல் விடாதீர்கள். கோடையில் சூடேறியபோது யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்த கார்கள் நிறைய உண்டு. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும், எஞ்சின் புளொக்கை வெடிக்க வைக்க அது போதும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ர் மைனஸ் 37 வரை தாங்கும். அதற்காகத் தண்ணீர் கலக்காத கூலன்ரை மட்டும் நிரப்பினால் இன்னும் நல்லது என்று நினைக்கவேண்டாம். கலப்பில்லாத எத்திலீன் கிளைக்கோல் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். கண்ணாடி கழுவும் நீர்த்தாங்கியிலும் கோடைக்கால நீர் மிச்சம் இருந்தால் அடித்து முடித்துவிட்டு, மைனஸ் 40 என்று போட்டதை நிரப்புங்கள்.

பற்றரி

பூட்டி நிறுத்திய காரும் மின்சாரம் குடித்துக்கொண்டேதான் இருக்கும். அலாம், திறப்பின் சமிக்ஞையைத் தேடும் கருவி, கம்பியூட்டர்களின் ஞாபகம் எல்லாம் சேர்த்து நல்ல நிலையிலுள்ள காரே 30 மில்லி ஆம்பியரளவில் இழுக்கும். நாளொன்றுக்கு 0.7 ஆம்பியர்-மணி. நவம்பர் முதலாம் திகதி நிறுத்திய காரின் 60 ஆம்பியர்-மணிப் பற்றரி ஜனவரி முடியுமுன் வெறுமையாகிவிடும், சரியாகக் கடுங்குளிர் நிற்கும் நேரத்தில். முழுதாகச் சார்ஜ் ஏறிய ஈயப் பற்றரி மைனஸ் 50க்கும் கீழேதான் உறையும். வெறுமையான பற்றரி மைனஸ் 7, 8 டிகிரியிலேயே உறைந்து பெட்டி வெடிக்கும். உறைந்த பற்றரிக்கு ஒருபோதும் சார்ஜர் பூட்டாதீர்கள், ஜம்ப் கொடுக்காதீர்கள். அது கையிலேயே வெடிக்கலாம்.

இதற்கு வழி, தானாகவே அளந்து மிதமாகச் சார்ஜ் ஏற்றும் மெயின்ரெயினர். சாதாரண சார்ஜரை மாதக்கணக்கில் மாட்டிவிடக்கூடாது, அது பற்றரியை வேகவைத்துவிடும். உங்கள் பற்றரி சாதாரண ஈயமா, ஏஜிஎம்மா, லித்தியமா என்று பார்த்து அதற்குரிய நிலையில் மெயின்ரெயினரை வையுங்கள். எடை குறைக்கவென்று லித்தியம் பற்றரி போட்ட போர்ஷே ஜிரி3 போன்ற கார்களுக்கு லித்தியத்துக்கென்றே செய்த சார்ஜர் வேண்டும். உறைகுளிரில் அந்தப் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவதும் கூடாது. கழற்றி வீட்டுக்குள் எடுத்துவைப்பதே உத்தமம்.

கொண்டோத் தரிப்பிடத்தில் பிளக் இல்லாதவர்களும் அதைத்தான் செய்யவேண்டும், பற்றரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஆனால் கழற்றுமுன் ஒரு விடயத்தை யோசியுங்கள். 2000களில் வந்த போர்ஷே 911, பொக்ஸ்ரர் பலவற்றில் பற்றரி முன் பொனட்டின் கீழே இருக்கும். அந்தப் பொனட்டைத் திறப்பது மின்சாரக் கொளுக்கி. பற்றரி செத்தால் பொனட் திறக்காது, பொனட் திறந்தால்தான் பற்றரியைத் தொடலாம். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்துப் பியூஸ் பெட்டியில், வெளியே இழுக்கக்கூடிய ஒரு முனை வைத்திருக்கிறார்கள். அதற்கு நேர்மின்வயரைக் கொடுத்து, எதிர்மின்வயரைக் கதவுக் கொளுக்கி உலோகத்தில் பிடித்தால் பொனட் திறக்கும். திறக்க மட்டும்தான், எஞ்சினை ஸ்ரார்ட் பண்ண அந்த மெல்லிய வயர் தாங்காது. உங்கள் கார் எதுவானாலும், கதவும் டிக்கியும் மின்சாரம் இல்லாமல் எப்படித் திறக்கும் என்று கைநூலில் தேடி, ஒருமுறை கையால் செய்து பார்த்துவிட்டு நிறுத்துங்கள். கதவைத் திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கும் வகைக் காரென்றால் பற்றரி இல்லாத நேரம் கதவை அடித்துச் சாத்தவேண்டாம், கண்ணாடி மேல் விளிம்பில் இடிக்கும்.

ரயரும் பிரேக்கும்

வேகத்துக்கென்று செய்த சமர் ரயர்கள் மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே கண்ணாடிபோல் இறுகிவிடும். அந்த நிலையில் கார் ஓடினால், ஏன், தள்ளி இடம் மாற்றினால்கூட, ரப்பர் வெடிக்கக்கூடும் என்று ரயர் கம்பனிகளே எச்சரிக்கின்றன. வெடிப்பு முதலில் கண்ணுக்குத் தெரியாது. கோடையில் 401 நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போது தெரியவரும். மாசியில் கராஜைக் கூட்டவென்று காரை ஓரடி முன்னே தள்ளுவதும் வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். வெளியே வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல் ஒரு முழு நாளாவது நின்றபின்பே அந்த ரயர்களை உருட்டவேண்டும். வசதி இருந்தால் சில்லுகளைக் கழற்றி வீட்டுக்குள் அடுக்கிவிட்டு, காரைத் தரமான ஸ்ராண்டுகளில் நிறுத்துங்கள். ஸ்ராண்ட் வைக்கும் இடத்தைக் கைநூலில் பார்த்தே வைக்கவேண்டும். முடிந்தால் சஸ்பென்ஷன் பாரம் சுமக்கும் இடத்தில் தாங்குவது நல்லது, இல்லாவிட்டால் அது மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டு நிற்கும்.

சில்லிலேயே நிற்கட்டும் என்றால் காற்றைக் கூட்டுங்கள். வெப்பம் 5, 6 டிகிரி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிஎஸ்ஐ குறையும். 20 டிகிரியில் 34 பிஎஸ்ஐ அடித்த ரயர் மைனஸ் 15இல் 28க்குக் கிட்ட நிற்கும். அந்தத் தளர்வில் நாலைந்து மாதம் ஒரே இடத்தில் பாரம் தாங்கினால் ரயர் தட்டையாகும். ரயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் 45 வரை ஏற்றலாம். சித்திரையில் இறக்க மறந்துவிடாதீர்கள்.

ஹாண்ட் பிரேக்கைப் போடவேண்டாம். பட்டைகள் டிஸ்க்கோடு கறள் பிடித்து ஒட்டிவிடும். கியரில் விட்டு, சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். எஞ்சினை நிறுத்தியதும் தானாகவே பிரேக் போடும் கார்களில் அதை நிறுத்தும் வழி கைநூலில் இருக்கும்.

சுண்டெலி

சித்திரையில் வேலைத்தளத்துக்கு இழுவை வண்டியில் வரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒரு பங்கு எலியால் கெட்டவை. சுட்டுவிரல் நுழையாத துவாரத்தாலும் சுண்டெலி நுழையும். எஞ்சின் காற்றுவடிப் பெட்டிக்குள்ளும் ஹீற்றர் காற்றுவடிக்குள்ளும் கூடு கட்டி, கூட்டுக்கு மெத்தை போட இருக்கைப் பஞ்சையும் வயர் உறையையும் கடித்தெடுக்கும். வயர்க்கட்டு ஒன்றை முழுதாக மாற்றுவது எவ்வளவு செலவு என்று கேட்டால் தலை சுற்றும்.

இருக்கையை முழுதாகப் பின்னே தள்ளி, அது ஓடும் தண்டவாளங்களை வாக்யூம் பண்ணுங்கள். மிக்ஸரும் கச்சானும் முறுக்குத் தூளும் அங்கேதான் கிடக்கும், நம்முடைய கார்களில் அது இல்லாமல் இராது. கைப்பெட்டியில் கிடக்கும் இனிப்பு, கடதாசிக் கைத்துடைப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். புகைக்குழாய் வாயையும் எஞ்சின் காற்று உள்ளிழுக்கும் வாயையும் துருப்பிடிக்காத கம்பிச் சுருளால் அடையுங்கள், சட்டி தேய்க்க விற்பதுதான். அடைத்த இடங்களை ஒரு தாளில் எழுதி ஸ்ரியறிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், சித்திரையில் அதை வாசிக்காமல் யாரும் ஸ்ரார்ட் பண்ணக்கூடாது. புதினா எண்ணெயின் வாசம் சில நாளில் போய்விடும், அதை மட்டும் நம்பியிருக்கவேண்டாம். பூச்சி உருண்டை எலியைக் கலைக்கிறதோ இல்லையோ, அந்த மணம் காருக்குள் ஏறினால் இலேசில் போகாது. நஞ்சு வைத்தால் எலி காற்றுக்குழாய்க்குள் போய்ச் சாகும். சுவரோரமாகப் பொறி வைத்து, கிழமைக்கொருமுறை பொறியை மட்டும் பார்த்துவருவதே பலனளிக்கிறது.

காருக்குள் புழுக்கை கண்டால் உடனே வாக்யூமைத் தூக்காதீர்கள். இங்குள்ள மான் சுண்டெலிகள் சில ஹன்ரா வைரஸைச் சுமப்பவை, தூசியாகப் பறந்தால் மூச்சோடு உள்ளே போகும். கையுறை போட்டு, பத்தில் ஒரு பங்கு பிளீச் கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள்.

காப்புறுதி

செலவைக் குறைக்கவென்று காப்புறுதியை முழுதாக நிறுத்திவிடாதீர்கள். நிற்கும் காரும் களவு போகும், தீப்பிடிக்கும், கூரை இடிந்தும் விழும். ஒன்ராறியோவில் இதற்கென்றே ஓபிசிஎஃப் 16 என்ற பத்திரம் இருக்கிறது. வீதியில் ஓடும்போது வேண்டிய பாதுகாப்புகளை இடைநிறுத்தி, களவு, தீ போன்றவற்றை விட்டுவைப்பது அது. மீண்டும் தொடக்குவது ஓபிசிஎஃப் 17. இடையில் கார் வீதியில் ஒரு சில்லைக்கூட வைக்கக்கூடாது. வெயிலான மார்ச் நாளில் மூலைக் கடை வரை எடுத்தாலும் காப்புறுதி இல்லாத வாகனம்தான், முதல் தடவைக்கே குறைந்த தண்டம் 5,000 டொலர். லீஸிலோ கடனிலோ எடுத்த காரென்றால் கடன் கொடுத்தவரின் சம்மதம் தேவைப்படும், முதலில் அவர்களோடு கதையுங்கள்.

எழுப்பும்போது

மார்ச்சில் வெயில் அடித்ததும் கை துடிக்கும். வீதியில் உப்புத்தூள் இருக்கும்வரை பொறுங்கள். இரண்டு பெருமழை பெய்து வீதியைக் கழுவியபின் எடுக்கலாம், பெரும்பாலும் ஏப்ரல் நடுப்பகுதி தாண்டும்.

எடுக்கும் நாளில் முதலில் ஸ்ரியறிங்கில் தொங்கும் தாளை வாசித்து அடைப்புகளை எடுங்கள். காற்றுவடிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். காரின் கீழே ரோர்ச் அடித்து ஒழுக்கு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் ஒயில் மாற்றி இரண்டு வருடமாகிவிட்டதென்றால் இதுவே அதற்கு நேரம். ரயர்க் காற்றைச் சரியான அளவுக்கு இறக்குங்கள், காப்புறுதி திரும்பத் தொடங்கிவிட்டதா என்று உறுதிப்படுத்துங்கள். வீட்டோடு ஒட்டிய கராஜென்றால் ஸ்ரார்ட் பண்ணிய உடனேயே காரை வெளியே எடுத்துவிடுங்கள். கதவு திறந்திருந்தாலும் காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் ஏறும். வெளியே நின்று உறுமவிட்டுச் சூடேற்றவேண்டாம், அரை நிமிடத்தில் மெதுவாக ஓடத் தொடங்குங்கள். ஒயில் சூடேறும்வரை எஞ்சினை அதிகம் சுழலவிடாதீர்கள். டிஸ்க்கில் படிந்த மேற்கறள் முதல் சில பிரேக்கில் கரகரக்கும், பிறகு தேய்ந்துபோகும். இருபது கிலோமீற்றர் தாண்டியும் கரகரத்தால் அல்லது கார் ஒரு பக்கம் இழுத்தால் வேலைத்தளத்துக்குக் கொண்டுபோங்கள். சில்லுகளைக் கழற்றிப் பூட்டியவர்கள் முதல் நூறு கிலோமீற்றர் முடிந்ததும் ரோர்க் றென்ஞ்சை எடுத்து, கைநூலில் சொன்ன அளவுக்கு நட்டுகளை இன்னொருமுறை இறுக்கிவிடுங்கள்.